பார்த்தீனியம் பூத்தா நம்ம மூக்குக்கு ஓவர்டைம்

பெங்களூருல மழை விட்டதும் காலி சைட்டுல எல்லாம் பார்த்தீனியம்ங்கற களைச்செடி வெள்ளை வெள்ளையா பூத்து நிக்கும், உடனே எனக்கு தும்மல், கண்ணு அரிப்பு, மூக்குல தண்ணின்னு ஆரம்பிச்சிடும், வீட்ல "திரும்பவும் சளியா"ன்னு கேப்பாங்க. சளின்னா பத்து நாள்ல போயிடும்ங்க, இது அந்தப் பூவால வர்ற அலர்ஜி, பூ இருக்கற வரைக்கும் விடாது, காய்ச்சலும் வராது. அந்தச் செடிய வெறுங்கையால பிடுங்கவும் போகாதீங்க, தோலும் தடிச்சிடும்.

வெளிய போனா மாஸ்க், வந்ததும் முகம் கழுவி துணி மாத்திடுவேன். அலர்ஜி மாத்திரை செட்ரிசின் போட்டா ஆபீஸ்ல கண்ணு சொக்குது, அதான் நைட்டு மட்டும். டாக்டர் குடுக்கற ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே தினமும் விடாம அடிச்சாதான் கேக்கும், ஒரு தடவை அடிச்சுட்டு வேஸ்ட்னு தூக்கி போட்டா எப்படி? மெடிக்கல்ல நாமளா வாங்கற ஆக்சிமெட்டாசோலின் டிராப்ஸ் சட்டுனு மூக்கை திறந்துடும், ஆனா நாளுக்கணக்கா போட்டுட்டே இருந்தா அடைப்பு முன்னைவிட மோசமாகும்.

இருமல் நைட்ல எழுப்புது, மூச்சு விட்டா விசில் சத்தம், நெஞ்சு இறுக்கம்னா ஆஸ்துமாவா இருக்கலாம், டாக்டரை பாத்துடுங்க. மூச்சு திணறுது, உதடு வீங்குதுன்னா யோசிக்கவே வேணாம், நேரா எமர்ஜென்சி.