மந்திரவாதியை முந்திய அப்பத்தா

இங்கிலாந்துச் சூனியக்காரிகளைப் பற்றி எங்கள் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்ற நம்பிக்கையில்தான் அந்தப் புத்தகத்தைப் பிரித்தோம்.

ஆலன் கார்னர் எழுதிய ‘தி மூன் ஆஃப் கோம்ராத்’. 1963இல் வந்தது. 1960இல் வந்த ‘தி வியர்ட்ஸ்டோன் ஆஃப் பிரிசிங்கமென்’ நாவலின் இரண்டாம் பாகம். முதல் பாகத்தைப் போன லீவிலேயே மகளுக்குப் படித்துக் காட்டியாகிவிட்டது. மான்செஸ்டருக்குத் தெற்கே ஆல்டர்லி எட்ஜ் என்று ஒரு மேடு. அதற்கு அடியில் 140 வீரர்கள் மந்திரத் தூக்கத்தில் கிடக்கிறார்கள், கடெல்லின் என்ற கிழ மந்திரவாதி காவல் இருக்கிறார். கோலின், சூசன் என்று கூடப் பிறந்த இரண்டு பிள்ளைகள் இதில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். மேடு நிஜமாகவே இருக்கிறது. தூங்கும் வீரர்கள் கதையும் அந்த ஊரில் பழையதுதான். கார்னருக்கு அதைச் சொன்னவர் அவருடைய தாத்தா.

முதல் பாகம் ஓட்டமும் சாட்டமுமாகப் போகும். இரண்டாவதில் இருட்டு அதிகம். ‘சிறுவர் நாவல்’ என்று யார் முடிவு செய்தார்களோ, அவர்கள் வீட்டுச் சிறுவர்கள் பலசாலிகளாக இருக்க வேண்டும்.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நான் படித்துப் படித்துத் தமிழில் சொல்வேன். மகள் கட்டிலில். அம்மா கீழே உட்கார்ந்து மறுநாளைக்கு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பார். பிரோலக்கன் வரும் இடத்தில் குரலைத் தாழ்த்தினேன். அதற்குத் தனக்கென்று உருவம் கிடையாது. ஏதாவது ஓர் உடம்புக்குள் புகுந்துகொள்ளும், அந்த உடம்பு தாங்காமல் போனதும் அடுத்ததைத் தேடும். மகள் போர்வையை இழுத்துக்கொண்டாள். அம்மா தலை நிமிரவில்லை.

“ஆளு மேல ஏறிக்கிட்டு இறங்க மாட்டேங்குது, அவ்வளவுதானே? மேல சொல்லு.”

சூசன் கையில் ஒரு பழைய வெள்ளிக் காப்பு உண்டு. முதல் பாகத்தில் கிடைத்தது, காவல் சக்தி உள்ளது. குட்டிச் சனங்களின் தலைவன் வந்து அதை இரவல் கேட்கிறான். அவளும் கழற்றிக் கொடுத்துவிடுகிறாள்.

“குடுத்துட்டாளா? சரி, போச்சு” என்றார் அம்மா.

“அப்பத்தா! கதையைச் சொல்லாதீங்க!”

“நான் எங்க தாயி கதை சொன்னேன்? காவலுக்குக் கையில போட்டதைக் கழட்டி இரவல் குடுக்கலாமான்னு கேட்டேன்.”

கொஞ்ச நேரத்தில் தனியாக ஒரு கறுப்புக் குட்டைக் குதிரை வந்து நின்றது. “யாருமில்லாத குதிரை, கூப்பிடாம வந்து நிக்குதாக்கும். அடியே, ஏறிராத!” என்று அம்மா சூசனை நேரடியாகவே எச்சரித்தார். சூசனுக்குக் கேட்கவில்லை. ஏறினாள். குதிரை அவளோடு தண்ணீருக்குள் பாய்ந்தது. வீட்டுக்குத் திரும்பி வந்தது சூசனின் உடம்பு மட்டும்தான், உள்ளே இருந்தது வேறு ஆள்.

அப்பா பகலில் அப்பத்தாவிடம் கதையைச் சொல்லிவிடுகிறார் என்று மகளுக்கு சந்தேகம் வந்துவிட்டது. என்னையும் அம்மாவையும் தனித்தனியாக விசாரித்தாள். அதிலும் திருப்தி இல்லாமல், அடுத்து என்ன நடக்கும் என்று அப்பத்தா முன்கூட்டியே சொல்ல வேண்டும், தான் ரஃப் நோட்டில் எழுதி வைத்துத் திருத்தப் போவதாக அறிவித்தாள்.

சூசனுக்கு என்ன வைத்தியம்? “எலுமிச்சம்பழம்” என்றார் அம்மா. தப்பு. மோதன் என்றொரு பூ. மலைக்குப் போகும் பழைய நேர்ப்பாதை ஒன்றில் மட்டும் பூக்கும். அதைத் தேடித்தான் கோலின் ராத்திரியில் ஓடுகிறான். மகள் பெருமகிழ்ச்சியோடு பெருக்கல் குறி போட்டாள்.

“பௌர்ணமியிலதானே பறிச்சான்?”

பௌர்ணமியில்தான்.

“அப்ப பாதி மார்க் போடு.”

அதற்குப் பிறகு பிள்ளைகள் குளிருக்காக மலையில் நெருப்பு மூட்ட, காலங்காலமாக அடங்கிக் கிடந்த வேட்டைப்படை எழுந்து வந்தது. இதற்கு முழு மார்க். “ஊர் அடங்குன பெறவு மலையில தீ மூட்டுனா எதாச்சும் எந்திரிக்கத்தான் செய்யும்” என்று நோட்டில் அப்படியே இருக்கிறது.

அம்மாவே கீரையைத் தள்ளி வைத்தது எர்வுட் ஹால் வந்தபோது. கோய்ட் பள்ளத்தாக்கில் இருந்த பெரிய மாளிகை அது. 1930களில் நீர்த்தேக்கம் கட்டும்போது இடித்துவிட்டார்கள், இன்றும் இடிபாடுதான். நாவலில் சூனியக்காரி மோரிகன் அங்கேதான் கோலினை அடைத்து வைக்கிறாள். நிலா வெளிச்சம் விழுந்தால் மாளிகை முழுசாக நிற்கும், வெளிச்சம் போனால் வெறும் கல்.

“பய மாடியில நிக்கும்போது மேகம் மறைச்சா?” என்றார் அம்மா.

எனக்கும் அதே பயம்தான். அன்று கொல்லைப்பக்க லைட்டை யாரும் அணைக்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. வேல்ஸ், அயர்லாந்து, வட ஐரோப்பா என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பெயர்கள் வந்து விழுகின்றன, யார் யாருக்கு என்ன உறவு என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. முடிவும் நடு வாக்கியத்தில் கரண்ட் போன மாதிரி பட்டென்று நிற்கிறது. பின்னால் ஒரு குறிப்பில், எந்தெந்தப் பழைய நூல்களிலிருந்து எடுத்தேன் என்று கார்னர் சொல்கிறார். அதையும் படித்துச் சொன்னேன்.

“இதுக்கா இம்புட்டுப் படிச்சாரு, பாவம்? எங்க பெரியத்தைகிட்டக் கேட்டிருந்தா ஒரே சாயங்காலத்துல சொல்லியிருப்பாளே.”

மூன்றாம் பாகம் உண்டா என்றாள் மகள். உண்டு. ‘போன்லேண்ட்’. 2012இல், 49 வருஷம் கழித்து வந்தது. கோலின் அதில் பெரிய ஆள். ஜோட்ரெல் பேங்க் தொலைநோக்கி நிலையத்தில் விஞ்ஞானி. காணாமல் போன சூசனைத் தேடிக்கொண்டிருக்கிறான். அது பெரியவர்களுக்கான நாவல் என்று சொன்னதும் மகள் முகம் தொங்கிவிட்டது.

அம்மாவுக்கோ முகமெல்லாம் பிரகாசம். “பெரியவங்க புஸ்தகம்னா நீயும் நானும் படிப்போம்யா. அவ தூங்கட்டும்.”

புத்தகத்துக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன். ஒன்பது மணிக்கெல்லாம் சொக்கி விழுகிற பிள்ளை, தனக்கு இப்போதெல்லாம் பதினோரு மணிவரை தூக்கமே வருவதில்லை என்று நேற்றிலிருந்து சொல்ல ஆரம்பித்திருக்கிறாள்.