பேச்சில்லாத காட்சி

செப்டம்பர் 4, வியாழன்

அலுவலகம் முடிந்து நாடக ஒத்திகைக்கு வந்து சேரும்போது உடம்பில் பாதி உயிர்தான் மிஞ்சியிருக்கிறது. ஆயினும் வசனம் உள்ள இடங்களில் சமாளித்துவிடுகிறேன்; அடிவயிற்றிலிருந்து மூச்செடுத்துப் பேசத் தொடங்கினால் அந்த மூச்சே முதுகை நிமிர்த்திவிடுகிறது. சறுக்குவது இரண்டாம் காட்சியில்தான். மகன்கள் வீட்டுக்காக வாதாட, அவர்களின் தந்தையான பெரியவராக நடிக்கும் நான் ஒரு சொல்லும் பேசாமல் நாற்காலியில் அமர்ந்திருக்க வேண்டும். சிறிது நேரத்திலேயே அங்கே பெரியவர் இருப்பதில்லை. நாளைய வேலைகளை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டு நான்தான் இருக்கிறேன்.

செப்டம்பர் 5

மறுபடியும் அந்த நாற்காலி.

செப்டம்பர் 8, திங்கள்

"இன்னும் உற்சாகம் வேண்டும்" என்று இயக்குநர் சொன்னால் எல்லோரும் குரலை உயர்த்துகிறார்கள். சத்தத்தை உற்சாகம் என்று எண்ணிக்கொள்வது எங்களைப் போன்ற பொழுதுபோக்கு நடிகர்களின் பொது வியாதி போலும். ரஷ்ய நடிகரும் நாடக இயக்குநருமான ஸ்டானிஸ்லாவ்ஸ்கி கேட்கச் சொன்ன கேள்வி இதைவிடப் பயனுள்ளது: இந்தக் கணத்தில் இந்த மனிதருக்கு என்ன வேண்டும்? என் பெரியவருக்கு வேண்டியது ஒன்றே: இளைய மகன் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடக் கூடாது. இன்று அதை மட்டும் பற்றிக்கொண்டு அமர்ந்தேன். அவன் நாற்காலி கிறீச்சிட்ட ஒவ்வொரு முறையும் என் கால்விரல்கள் தாமாகவே தரையை அழுத்தின. அதை நான் திட்டமிடவில்லை.

செப்டம்பர் 11

ஒரே தலைவலி. வசனத்தை மட்டும் ஒப்பித்துவிட்டு வீடு திரும்பினேன்.

செப்டம்பர் 13, சனி

காய்ச்சலோடு ஒத்திகைக்கு வந்த மூத்த மகனை அனைவரும் மெச்சினார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. 1928இல், மாஸ்கோ கலை அரங்கின் 30ஆம் ஆண்டு விழாவில் நடித்துக்கொண்டிருந்தபோது ஸ்டானிஸ்லாவ்ஸ்கிக்கு மாரடைப்பு ஏற்பட்டது. தம் பகுதியை முடித்த பிறகே சரிந்தார் என்பதை வியந்து சொல்பவர்கள், அதற்குப் பிறகு அவர் மேடையில் நடிக்கவே இல்லை என்பதைச் சொல்வதில்லை. மறுநாள் பிழைப்புக்குப் போக வேண்டியவர்கள் நாங்கள். உறக்கமும் தண்ணீரும் ஒத்திகையின் பகுதிதான் என்று யாராவது ஒருவர் உரக்கச் சொன்னால் நன்றாக இருக்கும்.

செப்டம்பர் 20, சனி

முதல் மேடையேற்றம் முடிந்தது. கைகள் இன்னும் நடுங்குகின்றன.

செப்டம்பர் 21, ஞாயிறு

நேற்று பயமே பாதி வேலையைச் செய்துவிட்டது. இன்று அது இல்லை. கைதட்டல் கிடைத்துவிட்ட நிம்மதியில் எல்லோரும் அரை நொடி தாமதமாகப் பதில் பேசினோம், அந்த அரை நொடிகள் சேர்ந்து காட்சியே தொய்ந்துவிட்டது. ஒப்பனை அறையில் அரட்டையடித்துவிட்டு, பக்கத்திரைக்கு வந்த பிறகு பெரியவராக மாறலாம் என்பது நடக்காத காரியம். அடுத்த முறை ஒப்பனை அறையிலேயே அவருடைய நடையைத் தொடங்கிவிடப் போகிறேன். யாராவது வேடிக்கையாகப் பார்த்தால் பார்க்கட்டும். நாற்காலியில் அமர்ந்ததும் அடுத்து யார் என்ன பேசுவார் என்று காத்திராமல், அவர்கள் சொல்வதை முதன்முறை கேட்பவனாகக் கேட்க வேண்டும். மனப்பாடமான வசனத்தை அப்படிக் கேட்பதுதான் பேசுவதைவிடக் கடினமாக இருக்கிறது.

செப்டம்பர் 24

இளைய மகனாக நடிப்பவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. சனிக்கிழமை வேறொருவர் வருகிறாராம். அவர் நாற்காலியில் அசையாமல் அமர்பவர் என்கிறார்கள், கிறீச்சொலி இருக்காது. நாளை சற்று முன்னதாகவே போய் அவரோடு இரண்டாம் காட்சியை மட்டும் ஒத்திகை பார்க்க வேண்டும்.