கிளீவ்: ஒரு வினைச்சொல்லா, இரண்டா?

கிழமைக்கு ஓர் ஆங்கில வினைச்சொல் என்று கொப்பி போட்டுப் படித்து வருவதில், கிளீவ் (cleave) மட்டும் மூன்று கிழமை எடுத்தது. பிளத்தல் என்றும் பொருள் வருகிறது, ஒட்டிக்கொள்ளுதல் என்றும் வருகிறது. நேரெதிர்ப் பொருள் தரும் ஒரு சொல் என்று எழுதிவைத்தால் பிழை. இவை இரண்டு சொற்கள்.

முதலில் அகராதியில் தலைச்சொல்லின் தோளில் சின்னதாக 1, 2 என்று எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணோடு தனித்தனிப் பதிவாக இருந்தால் வேரே வேறு. ஒரே பதிவுக்குள் எண் வந்தால் பொருள் மட்டுந்தான் வேறு. கையடக்க அகராதிகள் சில இரண்டையும் ஒரே பதிவில் போட்டுவிடுகின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

பழைய ஆங்கிலத்தில் பிளப்பது கிளேயோவன், ஒட்டுவது கிளிவியன். ஜெர்மன் மொழியில் இன்றும் கிளீபன், கிளேபன் என்று இரண்டும் தனியாகவே நிற்கின்றன. ஆங்கிலத்தில் ஒலி தேய்ந்து ஒன்றாகிவிட்டன. ஒட்டும் சொல்லுக்குக் களிமண்ணைக் குறிக்கும் ‘கிளே’ உறவு. பிளக்கும் சொல்லுக்கு, பழைய எகிப்தியரின் சித்திர எழுத்தான ஹைரோகிளிஃப் என்பதில் வரும், செதுக்குதல் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல் உறவு.

அடுத்தது இறந்தகாலம். பிளப்பதற்கு குளோவ், கிளெஃப்ட், கிளீவ்ட் மூன்றும் உண்டு. ஒட்டுவதற்கு இன்று கிளீவ்ட் மட்டுந்தான். 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தை எடுத்தால் இந்தக் கணக்கு உதவாது. அங்கே ஆபிரகாம் விறகைப் பிளந்ததும் ‘கிளேவ்’, ரூத் மாமியாரை விடாததும் ‘கிளேவ்’. பக்கத்தில் தமிழ் வேதாகமத்தை விரித்து வைத்தால் உடனே விளங்கும்: ஓரிடத்தில் ‘பிளந்து’, மற்ற இடத்தில் ‘பற்றிக்கொண்டாள்’.

நம்பக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பின்னால் ‘டூ’ வந்தால் ஒட்டுதல். செயப்படுபொருள் நேரே வந்தால் பிளத்தல். தமிழிலும் விளக்கை அணைத்தாள், பிள்ளையை அணைத்தாள் என்று செயப்படுபொருளை வைத்துத்தானே பொருளைப் பிடிக்கிறோம்!

எச்ச வடிவங்களை மட்டும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். ஆட்டுக் குளம்பு குளோவன், பிளவுபட்ட அண்ணம் கிளெஃப்ட், நொதியம் வெட்டிய புரதம் கிளீவ்ட். மாற்றிப் போட்டால் காதில் இடறும். கொழும்பில் மாணிக்க வியாபாரிகள் சொல்லும் ‘கிளீவிஜ்’, அதாவது கல் குறிப்பிட்ட திசையில் சுலபமாகப் பிளக்கும் தன்மை, பிளக்கும் பக்கத்தைச் சேர்ந்தது. நீலக்கல்லுக்கு அது கிடையாது. டோபாஸுக்கு ஒரு திசையில் மிகத் தெளிவாக உண்டு, அந்தத் திசையில் அடி விழுந்தால் வழுவழுவென்று இரண்டாகிவிடும்.

கூடுதலாக இடறியது குளோவ். வெள்ளவத்தைச் சந்தையில் ஒரே கடையில் வாங்கும் இரண்டு சாமான்களுக்கு ஆங்கிலத்தில் இதே பெயர். உள்ளிப் பல்லுக்கு வரும் குளோவ், பிளக்கும் வினையின் உறவு: பூண்டை உடைத்தால் பிரிகிற துண்டு. கராம்புக்கு வரும் குளோவுக்கு இந்த வினையோடு ஒட்டே இல்லை. அது ஆணியைக் குறிக்கும் லத்தீன் ‘கிளாவுஸ்’ பிரெஞ்சு வழியாக வந்தது. ஒரு கராம்பை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்: கொண்டை, கீழே மெலிந்த தண்டு, ஆணியேதான். கொப்பியில் இதற்குத் தனிப்பக்கம் ஒதுக்குங்கள்.

அடுத்த கிழமைக்கு ‘லெட்’. அனுமதிப்பது ஒன்று, தடுப்பது இன்னொன்று. அதற்கும் பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள்.