பாடநூலின் உடலும் என் உடலும்

உடற்பயிற்சியின்போது உடல் என்ன செய்கிறது என்று படிக்க வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்துவிடும். இங்கே சோதனைப் பொருள் என்று தனியாக எதுவும் இல்லை, நாமேதான். ஒருவர் ட்ரெட்மில்லில் ஓடுவார், இன்னொருவர் அவர் விரல் நுனியில் ரத்தம் எடுப்பார், மூன்றாமவர் நேரம் பார்ப்பார். அடுத்த வாரம் இடம் மாறும். இந்தத் துறையின் பழைய வழக்கம் இது. 1922ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்ட ஏ.வி. ஹில், டக்ளஸ் பையைச் சுமந்துகொண்டு புல்தரையைச் சுற்றித் தானே ஓடினார். வெளிவிட்ட மூச்சை அதில் சேகரித்துப் பார்த்துத்தான், உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்ற முடிவுக்கு வந்தார்.

புது நாட்டுக்கு வந்து இறங்கியவளுக்கு இது சின்ன விஷயமில்லை. என் பெயரைச் சரியாகச் சொல்லக்கூட ஆளில்லை. பேச வாயெடுத்தால் பாதியில் தடுக்குகிறது. அந்த நிலையில் என் எடை, நாடி, மூச்சு, வியர்வை எல்லாவற்றையும் முன்பின் தெரியாதவர்கள் அளந்து பலகையில் எழுதினார்கள். நெஞ்சில் இசிஜி பட்டைகள் ஒட்டும் நாளில், ஒரு பெண்தான் ஒட்ட வேண்டும், திரையும் வேண்டும் என்று கேட்டேன். ஏனென்று யாரும் கேட்கவில்லை. காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று ஒப்புதல் படிவத்திலேயே ஒரு வரி இருக்கிறது. வருகிற பெண்கள் அந்த வரியை நம்பிக் கேளுங்கள்.

முதல் சிக்கல், நுரையீரல் எவ்வளவு காற்றை ஊதுகிறது என்று அளக்கும் ஸ்பைரோமீட்டரில் வந்தது. மூச்சை முழுக்க இழுத்து, ஒரே ஊதலில் கடைசிவரை வெளியேற்ற வேண்டும். அதற்கு முன் கணினி வயது, உயரம், பாலினம் கேட்டது. பிறகு இனம். நலமானவர் எவ்வளவு ஊத வேண்டும் என்று கணிக்க 2012இல் வெளியான ஜிஎல்ஐ (உலகளாவிய நுரையீரல் செயல்பாட்டு முன்னெடுப்பு) சமன்பாடுகளில் இயங்கும் மென்பொருள் அது. வெள்ளையர், ஆப்பிரிக்க அமெரிக்கர், வடகிழக்கு ஆசியர், தென்கிழக்கு ஆசியர், மற்றவர் என்று ஐந்து கட்டங்கள். நான் மற்றவரில் சேர்ந்தேன். வேறு கட்டத்தை அழுத்தியிருந்தால், எதிர்பார்க்கும் அளவில் அதே ஊதலுக்கு வேறு விழுக்காடு வந்திருக்கும்.

அன்றிரவு வெகுநேரம் அதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். அதே உயரமுள்ள ஐரோப்பியர்களைவிடத் தெற்காசியர்களின் நுரையீரல் கொள்ளளவு சராசரியில் குறைவு என்பது பலமுறை அளந்து பார்த்த உண்மை. ஏன் குறைவு என்பதில்தான் விவாதம். உடலமைப்பின் விகிதமா? கருவிலும் பிள்ளைப் பருவத்திலும் கிடைத்த ஊட்டமா? சுவாசித்து வளர்ந்த காற்றா? இனத்துக்கென்று எதிர்பார்க்கும் அளவில் கொஞ்சம் கழித்துக்கொண்டால், புகையாலும் பசியாலும் வந்த பாதிப்பு இயற்கை என்ற பெயரில் மறைந்துபோகும். கழிக்காவிட்டால், நலமாக இருப்பவரையும் நோயாளி என்று எழுதிவிடுவோம். இனத்தைக் கேட்காத சமன்பாடுகளை அமெரிக்க மார்பியல் சங்கம் 2023இல் பரிந்துரைத்தது. அது சரியான திசை என்றே நினைக்கிறேன். ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது: எது என் உடலின் வேறுபாடு, எது என் உடலின் குறை? நான் இங்கே படித்ததெல்லாம் ஏதோ ஒரு வகையில் இந்தக் கேள்விக்குத்தான் திரும்பி வந்தது.

அடுத்தது விஓ2 மேக்ஸ், அதாவது உடல் எடுத்துக்கொள்ளும் உச்ச ஆக்சிஜனை அளக்கும் சோதனை. மாஸ்க் கட்டி ட்ரெட்மில்லில் ஏற்றுவார்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை சாய்வு கூடும். இனி ஓர் அடிகூட முடியாது என்ற இடம்வரை ஓட வேண்டும். கடைசிக் கட்டத்தில் சுற்றி நிற்பவர்கள் கத்தி ஊக்கப்படுத்துவதும் சோதனை முறையிலேயே அடங்கும், ஊக்கம் ஆளுக்கு ஆள் மாறினால் முடிவும் மாறும் என்பதால். அன்று என் பெயரை அத்தனை பேரும் சேர்ந்து கத்தினார்கள். கத்துவதற்காகவே முந்தின நாள் என்னிடம் வந்து உச்சரிப்பு கேட்டுப் பழகியிருந்தார்கள். இந்த நாட்டில் எனக்கு நண்பர்கள் கிடைத்தது அந்த மதியத்தில்தான்.

எனக்கு வந்த எண் 28. அதாவது ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 28 மில்லிலிட்டர் ஆக்சிஜன். இருபதுகளில் இருக்கும் பெண்ணுக்கு இது குறைவு. உடன் ஓடியவர்கள் பலரும் 40க்கு அருகில் இருந்தார்கள். சிறுவயதிலிருந்து விளையாடாதவள், உடல்வாகு வேறு, நுரையீரல் வேறு என்று ஆளுக்கொரு விளக்கம் வந்தது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குவதற்கும் விளக்கம் தயாராக இருந்தது: குளிர், இருட்டு, வீட்டு ஏக்கம். தொலைபேசியில் அம்மாவும் அதையே சொன்னார்.

பதில் ரத்த வகுப்பில் கிடைத்தது. கடுமையாக உழைக்கும் தசையில் உருவாகும் லாக்டேட்டை அளக்க எடுத்த துளியோடு ஹீமோகுளோபினும் பார்த்தோம். டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிலிட்டருக்கு, 10.6 கிராம். பெண்களுக்கு 12க்குக் கீழே போனால் ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். ஆக, என் ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 14 மில்லிலிட்டரைச் சற்றே தாண்டும். 13.5 கிராம் உள்ளவருக்கு அது 18. இதயம் நிமிடத்துக்கு 15 லிட்டர் இறைக்கிறது என்று வைத்துக்கொண்டால், தசைகளை நோக்கிப் போகும் ஆக்சிஜன் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் குறைகிறது. கரும்பலகையில் அந்தப் பெருக்கலைப் போட்டு முடித்தபோது எனக்கு அழுகை வந்தது. நிம்மதியில் வந்த அழுகை. நான் பலவீனமானவள் இல்லை, எனக்கு இரும்புச்சத்து குறைவு, அவ்வளவுதான். மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கோடைக்குள் ஹீமோகுளோபின் 12.8க்கு ஏறியது. மறுபடி ஓடியபோது வந்த எண் 34. நடுவில் பயிற்சி என்று தனியாக எதுவும் செய்யவில்லை.

வெப்ப அறையில் கதையே வேறு. 40 டிகிரிச் சூட்டில் சைக்கிள் மிதிக்க வேண்டும். தசைகள் செலவிடும் ஆற்றலில் கால்வாசிகூட வேலையாக மாறுவதில்லை, மிச்சமெல்லாம் வெப்பம். அந்த வெப்பத்தை வெளியேற்ற, வியர்வை தோலில் ஆவியாக வேண்டும். வெப்பத்துக்குப் பழகிய உடல் சீக்கிரமாகவும் அதிகமாகவும் வியர்க்கும் என்கிறது பாடநூல். பத்துப் பதினான்கு நாள் சூட்டில் பயிற்சி செய்தவர்களிடம் அப்படித்தான் நடக்கும். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடும், இதயத்துடிப்பு இறங்கும். வெயிலில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் எனக்குத்தான் எல்லாரையும்விட வியர்க்கும் என்று எதிர்பார்த்தார்கள். எனக்கோ தாமதமாக வியர்த்தது, குறைவாகவும் வியர்த்தது. விழுங்கிய மாத்திரை வடிவ வெப்பமானி காட்டிய உள்வெப்பம் மற்றவர்களைவிட ஏறவுமில்லை.

ஆசிரியர் உற்சாகமாகிவிட்டார். இரண்டு வாரம் பழகுவது ஒன்று, வாழ்நாள் முழுக்கப் பழகுவது வேறொன்று என்று விளக்கினார். வெப்பமண்டலத்தில் வளர்ந்தவர்களுக்குத் தாமதமாக, சிக்கனமாக வியர்ப்பதை ஜப்பானிய, தென்கிழக்கு ஆசிய ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. சொட்டிக் கீழே விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை, வெறும் நீரிழப்பு. ஈரக்காற்றில் அந்தச் சிக்கனம் பயனுள்ளது. குளிர் நாட்டில் ஆண்டுகள் கழியக் கழிய இந்த இயல்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது என்றும் அவற்றில் உண்டு. ஒரே ஒருத்தியின் ஒரு மதிய அளவீட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. என் எடை குறைவு, அதுவும் கணக்கில் வரும். ஆனாலும், பாடநூலின் அட்டவணைக்குள் அடங்காத ஒன்றை என் உடல் அந்த அறைக்குக் கொண்டுவந்தது. அது குறையில்லை என்று அன்று எனக்குத் தெரிந்திருந்தது.

இத்துறையின் புகழ்பெற்ற எண்கள் பலவும் சிலரது உடலிலிருந்து வந்தவை. 1966இல் டல்லாஸில் மூன்று வாரம் படுக்கையில் கிடந்து, உச்ச ஆக்சிஜன் அளவில் கால்பங்குக்கும் மேல் இழந்தவர்கள் ஐந்தே பேர். ஐவரும் இருபது வயது ஆண்கள். அருமையான ஆய்வுதான், இன்றும் வியந்து படிக்கிறேன். ஆனால் அந்த ஐவரில் நானில்லை, என்னைப்போல் வந்தவர்களும் இல்லை.

எனவே இறுதியாண்டுத் திட்டத்துக்கு, வெப்ப நாடுகளிலிருந்து புதிதாக வந்த மாணவிகளையே எடுத்திருக்கிறேன். வியர்வையும் உள்வெப்பமும் பிறகுதான். முதல் நாளில் ரத்தம். ஹீமோகுளோபினோடு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே உடலின் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். தசையில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபினுக்கும், செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகளுக்கும் அதே இரும்புதான் வேண்டும். வந்த புதிதில் ஓயாத களைப்பு இருந்தால், ஆராய்ச்சியில் சேராவிட்டாலும் பரவாயில்லை, இந்த இரண்டையும் உங்கள் மருத்துவரிடம் கேட்டு எடுத்துப் பாருங்கள்.