சாய்ந்த சப்போர்ட்டுக்குத் திசை எழுதுவது

கடலூர் சிப்காட் வேலைக்காகப் புதுச்சேரியிலிருந்து தினமும் போய்வருகிறேன். ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் கடற்கரையோரத் தெருக்களைப் பார்த்தே வளர்ந்ததாலோ என்னவோ, குழாய்களும் எக்ஸ், இசட் என்ற இரண்டு கிடைமட்டத் திசைகளில்தான் ஓடும் என்ற நினைப்பு எனக்கு நெடுநாள் இருந்தது. அதைக் கலைத்தது, 45 டிகிரி கோணத்தில் போன ஒரு ஸ்டீம் லைன்.

அதன் ஆங்கரிலிருந்து (குழாயை அசையாமல் பிடிக்கும் இடம்) 20 மீட்டர் தள்ளி ஒரு கைடு (பக்கவாட்டு நகர்வை மட்டும் தடுக்கும் சப்போர்ட்) இருந்தது. குழாயில் வரும் விசைகளைக் கணக்கிடும் சீசர் 2 மென்பொருளில் அந்த நோடுக்கு (மாடலில் அந்தப் புள்ளிக்கு), தடுக்கும் திசையாக இசட் என்று மட்டும் கொடுத்து ஓட்டியபோது, ஆங்கரில் நம்ப முடியாத அளவுக்கு விசை வந்ததால், லூப் (நீட்சியை உள்வாங்கும் குழாய் வளைவு) போட இடம் தேடத் தொடங்கிவிட்டேன். மூத்த பொறியாளர் திரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, உங்க கைடு குழாயைப் பக்கவாட்டுல பிடிக்குதா, நீளவாட்டுல பிடிக்குதா?" என்று கேட்டார். 30 டிகிரியிலிருந்து 180 டிகிரிக்குச் சூடாகும் 20 மீட்டர் கார்பன் ஸ்டீல் குழாய் சுமார் 36 மி.மீ. நீளும், 45 டிகிரியில் அதன் இசட் பங்கு மட்டும் 25 மி.மீ. அந்த 25 மி.மீ. நகர்வைத்தான் நான் அடைத்துவைத்திருந்தேன். குழாய் எக்ஸ், இசட் இரண்டிலும் 0.707 (45 டிகிரியின் கொசைன்) என்று போனால், கைடின் திசை அதற்குச் செங்குத்தாக எக்ஸ் 0.707, இசட் −0.707 என்று இருக்க வேண்டும். நேர்க்குழாயில் கைடு வகையைத் தேர்ந்தெடுத்தால் மென்பொருளே இதைப் பார்த்துக்கொள்ளும். வளைவுக்கு அருகில் மட்டும் நான் கையாலேயே எழுதிவிடுகிறேன்.

மேல்நோக்கிச் சாயும் குழாய் இதைவிடச் சிக்கலானது. எக்ஸ் திசையில் 30 டிகிரி ஏறும் குழாயின் ஷூ (குழாயின் அடியில் பொருத்தும் தாங்கு கால்), அதே சரிவில் பற்றவைத்த தகட்டின்மேல் அமர்ந்தால், தகடு தன் முகத்துக்குச் செங்குத்தாக மட்டுமே தள்ளும். எனவே திசை எக்ஸ் −0.5, ஒய் (மேல்நோக்கிய திசை) 0.866 ஆகும். அங்கே 10 கிலோநியூட்டன் எடை இறங்கினால் தகடு 8.7-ஐத் தாங்கும், 5 கிலோநியூட்டன் சரிவு வழியே இறங்கப் பார்க்கும். உராய்வுக் கெழு 0.3 என்றால் உராய்வு அதிகபட்சம் 2.6-ஐத்தான் பிடிக்கும், மீதி 2.4 அடுத்த ஆங்கருக்கோ நாசிலுக்கோ (கருவியோடு குழாய் சேரும் வாய்) போய்ச் சேரும். இதே இடத்தில் வழக்கம்போல் நேர் மேலே தாங்கும் +ஒய் போட்டால், முழு எடையும் சப்போர்ட்டிலேயே நின்றுவிட்டதாக அறிக்கை வரும். நாசில் தப்பித்ததுபோல் தெரியும். இத்தகைய தவறு, மிகையான விசையைக் காட்டும் தவறைவிட ஆபத்தானது, ஏனெனில் யாரும் அதைத் தேட மாட்டார்கள்.

ஆனால் குழாய் சாய்ந்திருப்பதாலேயே சப்போர்ட்டும் சாய்ந்திருக்கிறது என்று எழுதிவிடவும் கூடாது. திசையைத் தீர்மானிப்பது தொடும் முகம்தான். சென்ற மாதம் வரைபடத்தில் சரிவாக இருந்த ஒரு தகட்டை நம்பி, சாய்ந்த திசையில் மாடல் செய்திருந்தேன். தளத்திலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த படத்திலோ, ஃபிட்டர் ரசமட்டம் வைத்துத் தகட்டைக் கிடைமட்டமாகவே பற்றவைத்து, ஷூவின் அடியை ஆப்பு வடிவில் வெட்டிப் பொருத்தியிருந்தார். அந்த ஒரு நோடை +ஒய் என்று மாற்றி மறுபடி ஓட்டினேன்.