கூளத்துக்குள் ஒளியும் கறுப்பு வண்டு

பல்லடம் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணைகளுக்குப் போய்வரும் கால்நடை மருத்துவன் நான். ஷெட்டுக்குள் போனதும் தீவனத் தட்டை நகர்த்திவிட்டு, அதன் கீழே கூளமாகப் பரப்பியிருக்கும் தென்னை நார்க்கழிவைக் கையால் கிளறிப் பார்ப்பது என் வழக்கம். அரை சென்டிமீட்டர் நீளத்தில் பளபளவென்று கறுப்பு வண்டுகள், வெளிச்சம் பட்டதும் நாலாபக்கமும் ஓடி மறையும். கூடவே பழுப்பு நிறத்தில் நெளியும் அவற்றின் புழுக்கள். சில ஷெட்டுகளில் ஒரு பிடி அள்ளினால் கூளத்தைவிட வண்டுதான் அதிகமாக இருக்கும்.

"அது எப்பவும் இருக்கறதுதானுங்க டாக்டர். கோழிக்கும் தீனிதானுங்களே" என்பார்கள் பண்ணைக்காரர்கள். கோழி அதைத் தின்கிறது என்பதுதான் என் கவலையே. பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சை ஷெட்டில் இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தட்டில் தீவனம் கிடந்தாலும், நெளிகிற புழுவைக் கண்டால் ஓடிப்போய்க் கொத்தும். நல்ல பாக்டீரியாக்கள் குடலில் இன்னும் குடியேறாத வயது அது; கெட்டது உள்ளே போனால் சுலபமாக ஒட்டிக்கொள்ளும்.

ஆல்பிடோபியஸ் டயபெரினஸ் என்ற இந்த வண்டு எச்சம், சிந்திய தீவனம், செத்த கோழி என எல்லாவற்றையும் தின்னும். அப்படியே சால்மோனெல்லா, ஈ.கோலை, காம்பிலோபாக்டர் கிருமிகள் அதன் உடம்பின் மேலும் குடலுக்குள்ளும் சேர்ந்துவிடுகின்றன. புழுப் பருவத்தில் விழுங்கிய சால்மோனெல்லா, அது வண்டாக மாறிய பிறகும் உயிரோடு இருப்பதை ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். ஒரு பேட்ச் கோழிகளை விற்பனைக்குப் பிடித்துப்போனதும் கூளத்தை அள்ளி, ஷெட்டைக் கழுவி, சுண்ணாம்பும் பார்மலினும் அடிக்கிறோம். சுவரிலும் தரையிலும் இருக்கும் கிருமி சாகிறது. வண்டு அதற்குள் மண் தரைக்குள்ளும் சுவர் வெடிப்புக்குள்ளும் இறங்கிவிடுகிறது. அடுத்த பேட்ச் குஞ்சுக்குப் புரூடர் என்ற சூடேற்றியைப் போட்டதும் பழைய பேட்ச்சின் கிருமியோடு மேலே வருகிறது.

அதனால் நான் விடாமல் சொல்வது ஒன்றுதான்: கடைசி வண்டி கோழி ஏற்றிப் போன அன்றே, ஷெட்டின் சூடு ஆறுவதற்குள், கூளத்தை அள்ளும் முன்பே பூச்சிமருந்தை அடியுங்கள். சுவரோரம், தூண்களின் அடி, தீவனத் தட்டு இருந்த இடம் என்று பார்த்து அடிக்க வேண்டும். நான்கு நாள் கழித்து அடிக்கிற மருந்து காலித் தரையில்தான் விழும். ஒரே மருந்தையே ஒவ்வொரு முறையும் அடித்தால் வண்டு அதற்குப் பழகிவிடும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஈ விஷயத்தில் எல்லோருக்கும் அக்கறை உண்டு, காரணம் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுகிறார்கள். ஆனால் ஈயும் கிருமி சுமக்கிறது என்பதை நினைப்பவர்கள் குறைவு. டென்மார்க்கில் 2006 கோடையில் கறிக்கோழிக் கொட்டகைகளின் காற்று வழிகளில் ஈ வலை கட்டிப் பார்த்தார்கள். வலை இல்லாத கொட்டகைகளில் 51.4 சதவீதக் கோழிக்கூட்டங்களில் காம்பிலோபாக்டர் இருந்தது. வலை கட்டியவற்றில் 15.4 சதவீதம்தான். நம்முடைய ஷெட்டுகள் பக்கவாட்டில் திறந்தவை. அவ்வளவு நெருக்கமான வலை கட்டினால் சித்திரை வெயிலில் காற்றில்லாமல் கோழி சாகும். நமக்கு வழி எச்சத்தை உலர வைப்பதுதான். வெயில் காலத்தில் ஈயின் முட்டை பத்து நாளுக்குள் ஈயாகிவிடும். அதற்கு ஈரமான எச்சம் வேண்டும். நாமக்கல் முட்டைக்கோழி ஷெட்டுகளில் கூண்டுக்கடியில் எந்த இடத்தில் புழு நெளிகிறதோ, அதற்கு நேர் மேலே ஒழுகுகிற நிப்பிள் (கோழி தண்ணீர் குடிக்கும் குழாய்முனை) ஒன்றைப் பெரும்பாலும் பார்க்கலாம். அதை மாற்றாமல் மருந்து தெளிப்பது வீண் செலவு.

காம்பிலோபாக்டர் கோழிக்கு நோயாகவே தெரியாது. தீனி எடுக்கும், எடை வரும். கறி வெட்டுகிறவர் கைக்கும் வேகாத துண்டைத் தின்கிற பிள்ளையின் வயிற்றுக்கும்தான் அது போய்ச் சேர்கிறது. கோழி வளர்த்துக் கொடுப்பதற்குக் கிடைக்கும் கூலியில் எதுவும் குறையாததால், இதைப் பண்ணைக்காரர் மனதில் பதியவைப்பது எனக்கு இன்றும் கடினமாகத்தான் இருக்கிறது.

அள்ளிய கூளத்தை ஷெட்டுக்குப் பக்கத்திலேயே குவித்து வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. கறுப்பு வண்டு இரவில் பறக்கும்; குவியலிலிருந்து ஷெட்டுக்கே திரும்பிவிடும். எரு வாங்குகிறவர் வரத் தாமதமானால், குவியலைத் தார்ப்பாயால் இறுக மூடி, ஷெட்டை விட்டு எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி வைக்கச் சொல்கிறேன்.