எந்தக் காலால்?

அம்மா வைத்த நேர்த்தியில் ஒரு சொல்தான் இடக்காகப் போயிற்று.

2009 மாசியில் அண்ணா எறிகணையில் காயப்பட்டார். இடது காலில் பெரிய கட்டோடு மாத்தளன் கரையில் கிடந்தவரை, செஞ்சிலுவைச் சங்கத்தார் காயக்காரரைத் திருகோணமலைக்குக் கொண்டுபோன கப்பலில் ஏற்றினார்கள். அதுவரைக்கும்தான் எங்களுக்குத் தெரியும். பிறகு நாங்கள் செட்டிகுளத்தில், மெனிக் பாம் அகதி முகாமில், ஒரு கூடாரத்துக்குள். அண்ணா இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல ஒருவருமில்லை. ஒரு நாள் பின்னேரம் அம்மா தண்ணீர் வரிசையில் இருந்து வந்து, வாளியை வைத்துவிட்டு, வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் குத்துமதிப்பாக ஒரு பக்கம் திரும்பிக் கும்பிட்டா. "அம்மாளே, என்ர மூத்தவன் உயிரோட கிடைச்சா, தன்ர காலால நடந்து வந்து உனக்குப் பாற்செம்பு எடுப்பான்."

உயிரோடு கிடைத்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. நேர்த்தியைப் பற்றி அம்மா சொன்னபோது அண்ணா சிரித்துக்கொண்டு கேட்டார்: "எந்தக் காலால எண்டு அம்மாளிட்டையே கேட்டுச் சொல்லுங்கோ."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வைகாசியும் வற்றாப்பளைப் பொங்கல் நேரம் வீட்டில் இந்தக் கதை வரும், அண்ணா எழும்பி வெளியே போய்விடுவார். அம்மா 2017 இல் போய்ச் சேர்ந்தா. நேர்த்தி அப்படியே நின்றது.

போன வைகாசியில் அண்ணாவே தொலைபேசி எடுத்தார். "பொங்கலுக்குப் போவம். செம்பு நான் எடுக்கிறன். நீ வாறதெண்டா வா." அவ்வளவுதான். வாறதெண்டா வா! இருபது பேருக்காவது சொல்லியிருப்பேன், அண்ணாவை நான் வற்றாப்பளைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று.

நான் வவுனியாவில் இருக்கிறேன், அண்ணா கிளிநொச்சியில். வான் பிடித்து, கிளிநொச்சி வந்து ஏற்றுகிறேன் என்றேன். மாட்டேன் என்றார். ஏ9 வீதியால் தன் ஸ்கூட்டரிலேயே மாங்குளம் சந்திக்கு வந்து, தெரிந்த கடையில் அதை விட்டுவிட்டு, எனக்கு முன்னமே தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றார். அந்த ஸ்கூட்டருக்கும் ஒரு கதை உண்டு. மூன்று சில்லு வைத்த ஒன்றை வாங்க நான் ஒருமுறை காசு அனுப்பினேன். காசு மூன்றாம் நாள் திரும்பி வந்தது. அவர் தன் பாட்டில் பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கினார், இரண்டு சில்லுதான். கியர் போட இடது கால் தேவையில்லை என்பது மட்டும்தான் அவர் பார்த்த வசதி. அப்போது எனக்குப் பொல்லாத கோபம். நன்றி இல்லாத மனிதர் என்றுகூட மனைவியிடம் சொன்னேன்.

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு வீதி ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ஒட்டுசுட்டானில் இறங்கித் தான்தோன்றீஸ்வரருக்கு ஒரு தேங்காய் உடைத்தோம். குரக்கன் வெட்டிய ஒட்டுக்குக் கமக்காரன் நெருப்பு வைத்த இடத்தில் லிங்கம் தானாகத் தோன்றியது என்பது ஊர்க்கதை, ஊரின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான் என்பார்கள். அண்ணா கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, வானுக்குத் திரும்பும் வழியில் ஒரு வயல் கிணற்றில் இயங்கிக்கொண்டிருந்த தண்ணி மெசினைக் காதால் கேட்டு, "பிஸ்டன் வளையம் போட்டுது" என்றார். அவருக்கு அதுதான் தொழில். கிளிநொச்சிப் பக்கத்தில் பாதி வயல்காரர் மெசினை அவரிடம்தான் கொண்டுவருவார்கள்.

முள்ளியவளையில் காட்டா விநாயகரைக் கும்பிட்டுவிட்டுத்தான் அப்பால் போகவேண்டும். வற்றாப்பளைப் பொங்கல் ஒரு நாள் அலுவல் இல்லை. பாக்குத்தெண்டலில் தொடங்கி, முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, அந்தக் கடல் நீரில் இங்கே விளக்கெரித்து, ஞாயிறு இரவு இங்கே பொங்கி, திங்கள் வற்றாப்பளைக்கு மடைப்பண்டம், படையல் சாமான்கள், போகும். கடல் நீரில் விளக்கு எரிகிற காரணத்தை அம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். மதுரையை எரித்த கண்ணகை இலங்கைக்கு வந்து இடம் இடமாகத் தங்கி, பத்தாவதாக இறங்கிய இடம்தான் வற்றாப்பளை, அதாவது பத்தாம்பளை. நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்த்த பொடியன்களிடம் கிழவி வேஷத்தில் வந்து, பசிக்கிறது என்றாளாம். பொடியன்கள் புக்கை பொங்கினார்கள். பொழுதுபட்டதும் விளக்கு வைக்கச் சொன்னாள். எண்ணெய் இல்லை ஆச்சி என்றார்கள். கடல் தண்ணியை அள்ளி ஊற்று என்றாள், எரிந்தது. பிறகு, "தலை கடிக்குது, பேன் பார்த்துவிடு மோனே" என்று தலையைக் கொடுத்தாள். மயிரை விலக்கிப் பார்த்தால் தலை முழுக்க ஆயிரம் கண்!

சின்ன வயதில் அந்த ஆயிரம் கண்ணுக்குத்தான் நாங்கள் இருவரும் பயந்து ஒரே போர்வைக்குள் ஒளிவோம். இப்போது கேட்டால் எனக்குப் பேன் பார்க்கச் சொன்ன இடம்தான் பிடிக்கிறது. ஊரை எரித்தவள், ஒரு மாட்டுக்காரப் பொடியன் முன்னால் குந்தித் தலையைக் கொடுக்கிறாள்.

வானைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். வன்னி முழுக்க அன்றைக்கு அந்த வீதியில்தான் நின்றது. தண்ணீர்ப்பந்தலில் சர்க்கரைத் தண்ணீரும் மோரும். கச்சான் கடைகள். தூக்குக்காவடி ஒன்று பறையோடு எங்களைக் கடந்து போனது. வானுக்குள் இருந்தே அண்ணா தயார் பண்ணினார். அதை நான் அன்றைக்குத்தான் கிட்ட இருந்து பார்த்தேன். இத்தனை வருடத்தில் ஒருநாளும் எனக்கு முன்னால் காலைக் கழற்றியதில்லை. முதலில் ஒரு பருத்தி உறை, அதன் மேல் இன்னொன்று. மடிப்பு விழாமல் இழுத்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு மடிப்பு இருந்தால் ஆயிரம் அடி நடப்பதற்குள் தோல் உரிந்துவிடும். பிறகு குழாய்க்குள் இறக்கி, வாரை இழுத்து, எழும்பி இரண்டு தரம் மிதித்தார். "டக்" என்று ஒரு சத்தம் வந்தது. சரி என்று தலையாட்டினார்.

"இது எங்கட தண்ணிக்குழாய்ச் சாமான்தான்" என்றார், என் பார்வையைக் கண்டு. உண்மைதான். அவர் போடுகிற ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் காலின் குழாய்ப்பகுதி தண்ணீர்க் குழாய்க்குப் பாவிக்கும் அதே தடித்த பிளாஸ்டிக். பாதம் ரப்பர். 1968 இல் ஜெய்ப்பூரில் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேத்தி என்ற எலும்பு மருத்துவரும் அதைச் செய்ததே நம்மைப் போன்ற ஆட்களை நினைத்துத்தான். சப்பாத்துப் போடாதவர்கள், சேற்றில் இறங்குகிறவர்கள், குந்தி இருக்கிறவர்கள், செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போகிறவர்கள். பாதத்தில் விரல்கூட வைத்திருக்கிறார்கள். அண்ணாவின் நிறத்தைவிட இரண்டு மடங்கு வெள்ளை, அவ்வளவுதான் குறை.

எப்போதும் நீளக்காற்சட்டையோடு திரிகிற மனிதர் அன்றைக்கு வேட்டி கட்டினார், சேட்டைக் கழற்றினார், தலையில் செம்பை வைத்தார். நான் கையைப் பிடிக்கப் போனேன். "செம்பைப் பிடிக்கிற ஆளுக்குக் கையை யாரும் பிடிக்கிறேல்ல" என்றார்.

வெயில் ஏறியிருந்தது. கோயில் மணல் எப்படிச் சுடும் என்று போனவர்களுக்குத் தெரியும். நான் குதிக்காலில் ஓடி, நிழலைக் கண்டால் நின்று, பிறகு ஓடி, ஒரு வீட்டுக்காரர் குழாயால் தண்ணீர் அடித்த இடத்தில் போய் நின்று திரும்பிப் பார்த்தால், அண்ணா ஒரே வேகத்தில் வருகிறார். "உனக்கு ரெண்டும் சுடுது. எனக்கு ஒண்டுதான்."

வரிசை நீளம். அரை மணி நேரம் நின்றும் பத்தடிதான் நகர்ந்தது. அண்ணா உடம்பின் பாரத்தை வலது பக்கம் மாற்றுவதைக் கண்டேன், காலுக்குள் வியர்த்திருக்கும். எனக்குள்ளே இருந்த பெரிய மனுஷன் எழும்பிவிட்டான். கயிறு பிடித்து நின்ற தொண்டர் பொடியனிடம் போய், நாலு பேருக்குக் கேட்கும்படி சொன்னேன்: "தம்பி, இவருக்குக் கால் ஏலாது. முன்னால விடுங்கோ."

பொடியன் உடனே கயிற்றைத் தூக்கினான். முன்னால் நின்றவர்கள் விலகினார்கள். இரண்டு அம்மாமார் "ஐயோ பாவம்" என்றார்கள். அண்ணா அசையவில்லை. செம்பு ஆடாமல் தலையை மட்டும் கொஞ்சம் திருப்பி, அந்தப் பொடியனிடம் சொன்னார்: "என்ர கால் ஏலும் தம்பி. அவருக்குத்தான் பொறுமை ஏலாது. வேணுமெண்டா அவரை விடுங்கோ."

வரிசையே சிரித்தது. கயிறு இறங்கியது. என் முகம் மணலைவிடச் சுட்டது.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம், ஒரு சொல் பேசவில்லை. பேசாமல் நிற்கும்போது நினைப்பதற்கு நேரம் கிடைக்கிறது, அது நல்லதுக்கில்லை. 2010, 11 இல் நான் வவுனியாவில் உயர்தரம் படித்தேன். ரியூசன் காசு மாதாமாதம் வந்தது. ஊன்றுகோலோடு நின்றபடி பிறருடைய கடையில் மெசின் திருத்தி அண்ணா அனுப்பிய காசு அது. வேலைக்குப் போய் முதல் சம்பளம் எடுத்த நாளிலிருந்து, அந்தக் கதை எப்படியோ என் வாயில் மாறிவிட்டது. கலியாண வீடுகளில், "அண்ணாவை நான்தான் பார்க்கிறன்" என்பேன், அவர் பக்கத்துக் கதிரையில் இருக்கும்போதே. அவர் ஒருநாளும் திருத்தவில்லை. மூன்று சில்லு ஸ்கூட்டருக்குக் காசு அனுப்பியபோது எனக்குத் தேவைப்பட்டது அவருடைய வசதியா, அதில் அவர் ஊருக்குள் ஓடித்திரிவதை நாலு பேர் பார்ப்பதா? மனச்சாட்சியோடு சொன்னால் இரண்டாவதுதான் கூட. அவர் நன்றாக நடந்துவிட்டால் எனக்கு ஒரு உத்தியோகம் போய்விடும்.

அவரும் லேசான ஆள் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அவருடைய வீம்பால் அம்மா எட்டு வைகாசி காத்திருந்தா. "ஐயோ பாவம்" என்ற சொல் காதில் விழக்கூடாது என்பதற்காக ஒரு கிழவியின் நேர்த்தியைக் கிடப்பில் போட்டவர் அவர். கூட்டத்துக்குள் வேட்டியோடு போக அவருக்கு வெட்கம், அந்த வெட்கத்துக்குப் பகிடி என்று பெயர் வைத்திருந்தார். இதை நான் அன்றைக்கு அவரிடம் சொல்லவில்லை. வரிசையில் வைத்துச் சொல்கிற கதையா அது?

முகப்புக்குள் வந்ததும் கூட்டம் நெரித்தது. மேளம், மணி, அரோகரா, ஆட்கள் கையில் உருவேறி ஆடிய வேப்பிலை. செம்பை ஐயர் கையில் கொடுக்கும்போது அண்ணாவின் வாய் ஏதோ சொன்னது, எனக்குக் கேட்கவில்லை. அம்மாவின் பெயரைச் சொல்லியிருப்பார். நான் அம்மாளைப் பார்த்ததைவிட அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். முதுகில் வியர்வை ஆறாக ஓடியது. வேட்டிக் கரைக்குக் கீழே ஒரு கறுத்த பாதம், ஒரு வெள்ளைப் பாதம், இரண்டிலும் ஒரே மணல்.

வெளியே வந்தோம். நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். "இவ்வளவு காலம் வராத ஆள், இந்த முறை மட்டும் ஏன் அண்ணா?"

விபூதியை நெற்றியில் சரிபண்ணிக்கொண்டே சொன்னார்: "முள்ளியவளையில கோவலன் கூத்துப் பார்த்தனான். கண்ணகையும் ஒற்றைச் சிலம்போடதானே அரசன்ர வாசலில வந்து நிக்கிறா. மற்றது எங்க எண்டு அவவை யாரும் பாவம் பார்க்கேல்ல. பார்த்திருந்தா அவனையும் சேர்த்து எரிச்சிருப்பா."

சிரித்தார். நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன்.

கச்சான் வாங்கிக்கொண்டு ஒரு வேப்பமர நிழலில் இருந்தோம். நாலு கச்சான் உடைத்திருப்பேன். அண்ணா வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிவிட்டு, வாரைத் தளர்த்தி, காலைக் கழற்றினார். பக்கத்தில் ஒரு குடும்பம் இருந்தது, அந்தப் பிள்ளை வாயைத் திறந்தபடி பார்த்தது. உறையை உரித்தார். முழங்காலுக்குக் கீழே தோல் சிவந்து, ஒரு இடத்தில் நீர் கோத்திருந்தது. மடிப்பு இல்லாமல்தான் போட்டவர், மணல்தான் உள்ளே போய்விட்டது.

"இஞ்ச" என்றார். காலை என் பக்கம் நீட்டினார். "உள்ளுக்க மண். தட்டிவிடு."

நான் துவாயில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினேன். நினைத்ததைவிடப் பாரம் இல்லை. குழாய் இன்னும் சூடாக இருந்தது, அவருடைய உடம்புச் சூடு. குதிப் பக்கத்தில் ரப்பர் தேய்ந்து, உள்ளங்காலில் சிறு கல் ஒன்று குத்தி நின்றது. அதை நகத்தால் கிண்டி எடுத்தேன். பிறகு தலைகீழாகப் பிடித்து வேப்பம் வேரில் இரண்டு தட்டுத் தட்டினேன். மணல் கொட்டியது, ஒரு பிடி இருக்கும்.

"மெல்லடா" என்றார் அண்ணா, கச்சானை வாயில் போட்டுக்கொண்டு. "நோகும்."